வீட்டு குரூப்பில் மே 22

அரவிந்த்: இன்றைக்கு மே 22. 2018-ல் இதே நாள் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள், கலெக்டர் ஆபீசை நோக்கிப் போனவர்கள் மேல் போலீஸ் சுட்டது. 13 உயிர். காலையிலிருந்து குரூப்பில் ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும்தான் வருது, அதனால் நான் போடுகிறேன்.

மாமா: தம்பி, இங்கே அரசியல் வேண்டாம் என்று பொங்கலுக்கே பேசினோமே.

பிரியா: எங்கள் ஆபீசிலும் இதேதான் மாமா. சுட்டதற்கு மறுநாளே எல்லாருக்கும் மெயில், சர்ச்சையான விஷயம் எதையும் பகிராதீர்கள், கம்பெனி பெயர் கெடும் என்று. பக்கத்து சீட்டில் ஒரு தூத்துக்குடிப் பையன். அங்கே நெட்டையும் நிறுத்திவிட்டார்கள், அவன் போனும் கையுமாக மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். என்னடா ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

சித்தப்பா: ஆலைக்காரன் வாயே திறக்கலையா?

அரவிந்த்: திறந்தார் சித்தப்பா. ஸ்டெர்லைட்டை நடத்தும் வேதாந்தா கம்பெனியின் தலைவர் அனில் அகர்வால், வருத்தமாக இருக்கிறது என்று ஒரு வீடியோ போட்டார். அப்புறம் பேச்செல்லாம் கோர்ட்டில்தான். பசுமைத் தீர்ப்பாயம், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று ஆலையைத் திறக்கச் சொல்லி 2024 வரை ஓயவில்லை. மற்ற பெரிய கம்பெனிகள் அந்த வருத்தத்தையாவது சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

சித்தப்பா: துப்பாக்கிச் சூடு நடந்த 2018 அக்டோபரில்தானே நம்ம டெல்டா பக்கம் ஹைட்ரோகார்பன் எடுக்க அதே வேதாந்தாவுக்குக் கையெழுத்துப் போட்டார்கள், ஐந்து மாசம்கூட முழுசாக ஆகலை. அதற்கு முந்தின வருஷம் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய், கேட்கப் போனவர்களுக்குத் தடியடி. 2020-ல் வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். அரசியல் வேண்டாம் என்றால் நான் வயலுக்கே போகக் கூடாது மச்சான்.

மாமா: சரி சரி. அதான் கமிஷன் வைத்தார்களே.

அரவிந்த்: வைத்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தது. போலீஸ் எல்லை மீறியது என்று அதிலேயே இருக்கு. படித்தீங்களா?

ராஜி அத்தை: கம்பெனிக்காரனை மட்டும் ஏன் சொல்கிறாய் அரவிந்து. வெண்மணி நடந்தப்போ எனக்கு ஒன்பது வயசு. 1968, கிறிஸ்துமஸ் ராத்திரி. கூலி நெல் கூடக் கேட்ட பகை, 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். எங்க அப்பாவுக்கு அப்போ நாலு வேலி நிலம். மறுநாள் திண்ணையில் அதே வெற்றிலைப் பெட்டி, அதே பேப்பர், அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் கேட்டதற்கு அம்மா வாயிலேயே ஒன்று போட்டாள். அந்தத் தை அறுவடையில் அப்பா களத்தில் மரக்காலைக் கொஞ்சம் தாராளமாக அளந்தார். வாங்கினவர்களும் ஏன் என்று கேட்கவில்லை.

பிரியா: அத்தை, இத்தனை வருஷத்தில் நீங்க இதைச் சொன்னதே இல்லையே.

ராஜி அத்தை: நீங்க கேட்டீங்களா.

சித்தப்பா: எனக்கே தெரியாதுக்கா.

மாமா: அரவிந்த், அந்த அறிக்கை பிடிஎஃப் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்பு. குரூப்பில் வேண்டாம்.