கலைச்சொல் உதவி தேவை: சுழற்சித் தலைமையா, முறைத் தலைமையா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

நண்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் அரசறிவியல் மாணவர்களுக்கான பாடம் ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர் அவைக்கு உறுப்பு நாடுகள் ஆறாறு மாதம் தலைமை ஏற்கின்றன அல்லவா, அதைப் பற்றியது. எடுத்துக்காட்டு எஸ்தோனியா. 2017-இன் பிற்பாதி பிரிட்டனுக்கு உரியதாக இருந்தது. ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது என்று 2016 ஜூன் வாக்கெடுப்பில் முடிவான பிறகு, பிரிட்டன் அந்தத் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. 2018 ஜனவரியில் தொடங்கவிருந்த எஸ்தோனியா 2017 ஜூலை 1-ஆம் தேதியே பொறுப்பேற்க நேர்ந்தது. அந்நாட்டுக்கு அதுவே முதல் தடவை. மக்கள் தொகை சுமார் 13 லட்சம். அவையின் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பணிக்குழுக்களில் பெரும்பாலானவற்றை நடத்தும் ஆட்களைப் பழக்க வேண்டும், பிரஸ்ஸல்ஸ் அலுவலகத்துக்கு ஆள் கூட்ட வேண்டும், அடுத்து வரும் பல்கேரியா, ஆஸ்திரியாவோடு சேர்ந்து 18 மாதத் திட்டம் எழுத வேண்டும். ‘சுழற்சித் தலைமை’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வேறு சொல் உண்டா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி:

‘தலைமை’யே வேண்டாம் என்பேன். எஸ்தோனியர் இதை ‘ஏசிஸ்துமினே’ என்கிறார்கள்: முன்னே உட்கார்தல். ஜெர்மனில் ‘ஃபோர்சிட்ஸ்’, அதுவும் முன் இருக்கைதான். ஆங்கில ‘பிரசிடென்சி’யின் லத்தீன் வேரும் அதையே சொல்கிறது. நாமும் ‘முன்னமர்வு’ எனலாமே. தனிக்குறில்முன் ஒற்று இரட்டித்து இயல்பாக வந்து நிற்கிறது. அமர்தலுக்கு விரும்புதல் என்ற பழம்பொருளும் உண்டு. ‘அகனமர்ந்து ஈதலின்’ என்ற குறளைப் பாருங்கள். பொறுப்பை விரும்பி ஏற்கும் நாட்டுக்கு அதுவும் பொருந்தும்.

கல்லூரி ஆசிரியர், திருச்சி:

ஐயா, வகுப்பில் ‘முன்னமர்வு’ என்றால் போன கூட்டம் என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். ‘கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார்’ என்பது ஊரெல்லாம் புழங்கும் பேச்சு. கூட்டம் நடத்தும் வேலை அதிலேயே இருக்கிறது. எனக்குக் கவலை வேறு. நாட்டுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய மன்றத்துக்கு 2009 முதல் இரண்டரை ஆண்டுப் பதவிக்காலத்தோடு தனித் தலைவர் இருக்கிறார். வெளியுறவு அமைச்சர்கள் கூடும் அவையும் இந்த ஆறு மாதச் சுழற்சியில் சேராது. மன்றத்தையும் அமைச்சர் அவையையும் மாணவர்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆகவே ‘அவை’ என்ற சொல் கட்டாயம் வேண்டும். சுழற்கோப்பை தெரிந்தவர்களுக்குச் சுழற்சியும் புரியும்.

நீர்ப்பாசனப் பொறியாளர், மதுரை:

கோப்பை வென்றவர் கைக்குப் போகிறது. இங்கே யாரும் வெல்வதில்லை, முறை வருகிறது. எங்கள் ஊரில் கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பார்கள். நாளைக்கு எங்கள் முறை என்றால் அப்பா இன்றைக்கே மண்வெட்டியோடு போய் வாய்க்காலில் புல் செதுக்கி, வரப்பில் நண்டு வளை அடைத்துவிட்டு வருவார். முந்தின முறைக்காரர் முடியாமல் விட்டால் நடுராத்திரியில் எழுப்புவார்கள். போய்த்தான் ஆக வேண்டும். எஸ்தோனியாவுக்கு நடந்தது அதுதானே? அமைச்சர் அவை மேசையில் நாடுகள் உட்காரும் வரிசையே முறை வரும் வரிசைதான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் இடம் நகர்கிறார்கள். ‘முறைத் தலைமை’ என்று வையுங்கள்.

தமிழாசிரியர், திருநெல்வேலி:

அம்மா, வாய்க்கால் படித்து நெகிழ்ந்தேன். ஆனால் ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்னும்போது முறை நீதி. முறைத் தலைமை என்றால் நியாயமான தலைமை, மற்றதெல்லாம் முறையற்றது என்று ஆகிவிடாதா?

கல்வெட்டு ஆர்வலர், காஞ்சிபுரம்:

உத்தரமேரூர்க் கல்வெட்டில் வாரியப் பொறுப்பு 360 நாள்தான். ‘வாரியத் தலைமை’ என்று வைத்தால் என்ன?

பொறியாளர், மதுரை:

அது குடவோலை, குலுக்கி எடுப்பது. இங்கே வரிசை பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்படுகிறது. ஐயா, நீதிப் பொருளும் இருக்கட்டுமே. தலைமை ஏற்ற நாடு தன் பக்கம் சாயக் கூடாது. அதன் நிலைப்பாட்டைச் சொல்ல அதே மேசையில் வேறொரு பிரதிநிதி உட்கார்கிறார். நடத்துகிறவர் நடுநிலையில் நின்றாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

சரி, நேரமாகிவிட்டது. தனிமடல்களையும் சேர்த்தால் சுழற்சிக்கு ஐந்து பேர், முறைக்கு மூன்று பேர். தலைப்பில் ‘அவையின் சுழற்சித் தலைமை’ என்றே போடுகிறேன். நாளிதழில் பழகிய சொல். பாடத்துக்குள் ‘எஸ்தோனியாவின் முறை’, ‘முறை மாற்றம்’ என்று எழுதியிருக்கிறேன், அங்கே வேறு சொல் உட்காரவில்லை. மூன்று நாட்டுக் கூட்டுக்கு ‘மூவரணி’. அப்புறம், அம்மா, அந்த வாய்க்கால் உவமையை ஆசிரியர் குறிப்பில் சேர்க்க அனுமதி வேண்டும்.

தமிழாசிரியர், திருநெல்வேலி:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ‘முன்னமர்வு’ என் மறுப்பாகப் பதிவில் இருக்கட்டும். ‘மூவரணி’யைப் பற்றி நாளை எழுதுகிறேன், நாடுகள் அஃறிணை, ‘மூவர்’ என்பது எப்படிச் சரியாகும்?