கொழும்பில் கூரையைப் பிரிக்கிறீர்களா? சோலார் பேனலைப் பதிக்காதீர்கள், மேலே பொருத்துங்கள்

தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து, மனைவி வீட்டாரின் பழைய வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: ஓடுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோலார் பேனலையே கூரையாகப் பதித்துவிடலாமா? அல்லது ஓட்டுக்கு மேல் சட்டம் போட்டுப் பொருத்துவதா? வெள்ளவத்தையில் மாமனார் வீட்டுக் கூரையைப் பிரித்தபோது இதே கேள்வியோடு இரண்டு மாதம் அலைந்தவன் நான்.

பதித்த பேனல் பார்க்க அழகு. லண்டனில் இருக்கும் மச்சான் தன் வீட்டுப் படத்தை அனுப்பியதும் எனக்கும் ஆசை வந்தது. எப்படியும் ஓடு மாற்றப் போகிறோம், அந்த ஓட்டுக் காசாவது மிஞ்சுமே என்று கணக்குப் போட்டேன். ஆனால் அது குளிர் நாட்டுக்குச் சரியாக வரும் கணக்கு. பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் மின்சாரம் குறையும். கொழும்பு உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரிக்குப் போவது சாதாரணம். மேலே பொருத்தினால் அடியில் அரைச் சாண் இடைவெளியில் கடற்காற்று ஓடும், ஓட்டுக்கும் நிழல் கிடைக்கும். பதித்தால் காற்றோட்டம் குறைவு, பேனலின் சூடு கூரைக்கு அடியிலேயே தங்கும்.

அப்புறம் மழை. பதித்த கூரையில் மழையைத் தடுப்பதே பேனலும் அதன் அடித்தட்டும்தான். பதினைந்து வருடம் கழித்து ஒரு பேனல் பழுதானால் அதே அளவில் கிடைக்குமா? 250 வாட் பேனல் ஒரு காலத்தில் சுமார் 1.65 மீட்டர் நீளம். இன்றைய 550 வாட் பேனல் 2 மீட்டருக்கும் மேல். பொருந்தாத ஒன்றுக்காகக் கூரையையே பிரிக்க நேரும்.

மேலே பொருத்தினாலும் ஒழுகாது என்று இல்லை. எங்கள் வீட்டில் ஐப்பசி மழையில் சாமி அறைச் சுவரில் ஈரம் இறங்கியது. விளக்குக்குப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்ததைப் பார்த்து மாமியார் கண்கலங்கிவிட்டார். ஏறிப் பார்த்தால், சட்டத்தைத் தாங்கும் கொக்கி ஓட்டின் மேலேயே அழுந்தி உட்கார்ந்திருந்தது. பாரம் ஏறி ஓடு குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. கொக்கி, ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தில் திருகப்பட்டிருக்க வேண்டும், ஓட்டைத் தொடவே கூடாது. இரண்டு பேனலைக் கழற்றி, ஓட்டை மாற்றி, கொக்கியைச் சரிசெய்ய அரை நாள்தான் ஆனது. பதித்த கூரையாக இருந்திருந்தால் அவ்வளவு லேசில் முடிந்திருக்காது.

கூரை அஸ்பெஸ்டஸ் ஷீட்டா? அதில் துளை போட யாரையும் விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முதலில் கூரையை மாற்றுங்கள், பிறகு சோலார். கடலோர வீடுகளில் உப்புக்காற்று சாதாரணப் போல்ட்டைத் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகில் 316 ரகம் என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள்.

பேனல் பார்க்க வேண்டிய தெற்குச் சரிவு நம் கூரையில் இல்லையே என்று கவலை வேண்டாம். கொழும்பு 7 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். திசையைவிட நிழலைப் பாருங்கள்: தென்னை ஓலை, தண்ணீர்த் தொட்டி, பக்கத்துக் காணியில் எழும்பப்போகும் அடுக்குமாடி.

கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சாதாரண சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துகொள்ளும். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்த ஊர் இது. அந்தக் கவலை இருந்தால் பேட்டரி சேரும் இன்வெர்ட்டரை இப்போதே கேளுங்கள். மிஞ்சும் மின்சாரத்தை லைனுக்குக் கொடுக்கத் திட்டங்கள் உண்டு. நெட் மீட்டரிங் என்ற திட்டத்தில் மிச்ச யூனிட் கணக்கில் சேரும், காசு வராது. நெட் அக்கவுண்டிங்கில் மிச்சத்துக்குக் காசு வரும். விகிதம் மாறிக்கொண்டே இருக்கிறது, விண்ணப்பிக்கும் நாளில் உள்ளதைப் பாருங்கள்.

இங்கே கொத்தனார், தச்சர் எல்லாருமே 'பாஸ்'தான். கூரை பாஸையும் சோலார்காரரையும் ஒரே நாளில் வரவழைத்து, கைமரம் ஓடும் இடங்களைச் சோக்கட்டியால் குறிக்கச் சொல்லுங்கள். சீலிங் அடைப்பதற்கு முன்பே வயர் இறங்கும் குழாயைப் போட்டுவிடுங்கள். மிஞ்சும் ஓட்டில் இருபதை வீட்டின் பின்பக்கம் அடுக்கி வையுங்கள். எங்கள் சாமி அறைக்கு மேலே இப்போது இருப்பது அப்படி எடுத்து வைத்த ஓடுதான்.