மிசுனாரா பீப்பாய் கசிகிறது, அடைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். நான் சப்போரோவில் வசிக்கிறேன். அக்டோபரில் ஒரு சிறு பட்டறையில் வாங்கிய 3 லிட்டர் மிசுனாரா (ஜப்பானிய ஓக் மர வகை) பீப்பாய் கசிகிறது. உள்ளே 43 சதவீத மால்ட் விஸ்கி. ஐந்து வாரத்தில் அரை லிட்டருக்கு மேல் போய்விட்டது.

கசிவு முன்பக்க மூடியில், இரண்டாவது பலகையும் மூன்றாவது பலகையும் சேரும் இடத்தில். காலையில் துடைத்தால் மாலைக்குள் தேன் நிறத்தில் ஒரு துளி திரண்டு நிற்கிறது. கீழே விரித்த துணியில் சந்தன வாசனை. அதற்காகவே இந்தப் பீப்பாயைக் கைவிட மனம் வரவில்லை.

இந்த மரம் கசியக்கூடியது என்று தெரிந்தேதான் வாங்கினேன். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பீப்பாய்கள் வராமல் போனபோது ஜப்பானிய வடிசாலைகள் மிசுனாராவைக் கையில் எடுத்தன. அமெரிக்க வெள்ளை ஓக்கின் நுண்குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டிருக்கும். மிசுனாராவில் அந்த அடைப்பு குறைவு, மரமும் நேராக வளர்வதில்லை.

விஸ்கி ஊற்றும் முன் நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்தேன். கசிந்த பிறகு விஸ்கியைப் பாட்டில்களுக்கு மாற்றி, வெந்நீர் நிரப்பி இரண்டு நாள் வைத்தேன். இரும்பு வளையங்களைத் தட்டி இறுக்கினேன். தேன்மெழுகு பூசியது ஆறு நாள் தாங்கியது. ஹீட்டர் ஓடும் அறையிலிருந்து குளிர்ந்த இடத்துக்கு மாற்றியதில் கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

பீப்பாய் செய்பவர்கள் மூடிப் பலகைகளுக்கு நடுவே உலர்ந்த கோரையை வைத்து அடைப்பார்கள். இவ்வளவு சிறிய பீப்பாயில், மூடியைக் கழற்றாமல் வெளியிலிருந்தே கோரையைச் செருகி அடைக்க முடியுமா?