பெங்களூரு பால்கனியில் ஆர்க்கிட்: இலை சுருங்குகிறது, பூவும் வரவில்லை

அல்சூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். அல்சூரில் மூன்றாவது மாடி வீடு, கிழக்குப் பார்த்த பால்கனி. போன தீபாவளிக்கு நர்சரியிலிருந்து ஒரு வெள்ளை ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கி வந்தேன். பொங்கல் தாண்டியும் பூ வாடாமல் நின்றது, அவ்வளவு அழகு. அதற்கப்புறம் ஒரு மொட்டுகூட இல்லை. இலைகள் கரும்பச்சையாக நன்றாகத்தான் இருந்தன, இப்போது அடியில் இருக்கும் இலைகள் தொளதொளவென்று சுருங்கிப் போய்விட்டன. தண்ணீர் போதவில்லையோ என்று தினமும் ஊற்றிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிறது. எங்கள் குடியிருப்பில் வருவது டேங்கர் தண்ணீர். சேலத்திலிருந்து வந்திருந்த அம்மா, செம்மண்ணும் தொழு உரமும் போட்டு வேறு தொட்டியில் மாற்றி நடச் சொல்கிறார். மாற்றலாமா? இன்னொரு விஷயம், ஆன்லைனில் ஒருவர் காட்டு ஆர்க்கிட் என்று வேரோடு கட்டுக் கட்டாக விற்கிறார், விலை ரொம்பக் குறைவு. அதெல்லாம் இங்கே வளருமா?

மல்லேஸ்வரம் மாடித்தோட்டம்:

மண் வேண்டவே வேண்டாம். காட்டில் இது மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்கிற செடி. வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளை உறை ஒன்று இருக்கும், மழை பட்டதும் உறிஞ்சிக்கொண்டு பிறகு காற்றில் காய்ந்துவிடும். மண்ணுக்குள் புதைத்தால் காற்றில்லாமல் வேர் அழுகிப் போகும்.

இலை தொளதொளவென்று ஆனால் எல்லோரும் தண்ணீர் குறைவு என்றே நினைப்பார்கள். வேர் அழுகினாலும் இலை இப்படித்தான் ஆகும், ஏனென்றால் ஊற்றுகிற தண்ணீரை மேலே ஏற்ற வேரே இல்லை. தயங்காமல் செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். கடையில் வருகிற செடிகளில் வேருக்கு நடுவே ஸ்பேக்னம் மாஸை (தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஒரு வகைப் பாசி) இறுக்கி அடைத்திருப்பார்கள், சிலதில் அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடையும் இருக்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், நடுவில் சொதசொதவென்று ஊறிக் கிடக்கும். வேரை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. தோல் மட்டும் வழுக்கிக் கழன்று உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சினால் அது போய்விட்டது, வெட்டிவிடுங்கள். கத்தரிக்கோலை முதலில் அடுப்பு நெருப்பில் காட்டிக்கொள்ளுங்கள். வெட்டின இடத்தில் மட்டும் கொஞ்சம் சமையல் இலவங்கப்பட்டைத் தூள் தடவலாம், நல்ல வேரில் படக் கூடாது, அது வேரை உலர்த்திவிடும். ஒரு நாள் காற்றாட வைத்துவிட்டு, கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்து, ஓட்டை நிறைய உள்ள கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் தொட்டியில் வையுங்கள். மட்டைத் துண்டை முதலில் சில நாள் ஊறவைத்து, அந்தச் சிவப்புத் தண்ணீர் தெளிகிற வரை மாற்றி மாற்றிக் கொட்ட வேண்டும். தொட்டி சின்னதாக இருப்பதுதான் நல்லது.

அப்புறம் தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வேண்டாம். வேர் வெள்ளி நிறமாகத் தெரிந்தால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். காலையில்தான் ஊற்ற வேண்டும். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடுங்கள், குருத்து அழுகினால் அந்தச் செடியைக் காப்பாற்றுவது கஷ்டம்.

அல்சூர்வாசி:

எடுத்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன அதே பிளாஸ்டிக் கூடைதான், உள்ளே மாஸ் கறுத்து நாற்றம் அடிக்கிறது. வெளிப்பக்கம் ஓடின வேர் சிலது மட்டும் கெட்டியாக இருக்கிறது. தொட்டி ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறதே, அது பூஞ்சையா?

விஜயநகர் வாண்டா:

சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்கிறதா? அப்படியென்றால் பூஞ்சை இல்லை, உப்பு. டேங்கரில் வருவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர்தான், ஆர்க்கிட் வேருக்கு அந்த உப்பு ஆகவே ஆகாது. மழை பெய்யும்போது ஒரு டிரம்மில் பிடித்து மூடி வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் மே முதல் அக்டோபர் வரை இதற்குக் குறைவில்லை. மழை இல்லாத மாதங்களில் ஆர்ஓ தண்ணீர் போதும். மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

மேலே சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு. வேர் குறைவாக உள்ள செடிக்குக் கரியும் மட்டையும் மட்டும் போட்டால் மார்ச், ஏப்ரல் தாங்காது. அப்போது மதியத்தில் காற்று அவ்வளவு வறண்டு போகிறது. ஒரு பிடி புது மாஸை லேசாக, இறுக்காமல் மேலே தூவுங்கள்.

இனி பூவுக்கு வருகிறேன். கரும்பச்சை இலையைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள், உண்மையில் அது வெளிச்சம் போதவில்லை என்பதற்கு அடையாளம். இலை வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். உங்கள் கிழக்குப் பால்கனியில் காலை ஒன்பது மணி வரை வெயில் படலாம், அதற்குமேல் நிழல்வலை தேவை. இலைக்கு ஒரு அடி மேலே கையைப் பிடித்துப் பாருங்கள், விளிம்பு மங்கலாக நிழல் விழுந்தால் அளவு சரி.

அடுத்தது குளிர். ஃபலனாப்சிஸ் பூத்தண்டு விடுவதற்குச் சில வாரங்களுக்காவது பகல் 25 டிகிரியைத் தாண்டாமலும், இரவு 18 டிகிரியை ஒட்டியும் இருந்தால் ரொம்ப நல்லது. சென்னைக்காரர்கள் இதற்கு ஏசி போட வேண்டியிருக்கிறது, நமக்கோ நவம்பர் முதல் ஜனவரி வரை இந்த ஊரே ஏறக்குறைய அதைத் தருகிறது. பனிக்குப் பயந்து வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடாதீர்கள். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தரம், வேரை முதலில் நனைத்துவிட்டு. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிட்டு உப்பைக் கழுவிவிடுங்கள்.

காக்ஸ்டவுன் கொடி:

காட்டு ஆர்க்கிட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், தயவுசெய்து அதை வாங்காதீர்கள். கட்டுக் கட்டாக, தொட்டி இல்லாமல், வேரில் மரப்பட்டை ஒட்டியபடி, இலையில் பூச்சிக்கடியோடு வந்தால் மரத்திலிருந்து உரித்து எடுத்தது என்று அர்த்தம். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், அதற்குள் முளைக்கு உணவே கிடையாது. ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் காட்டில் முளைக்கும், பூக்கும் அளவுக்கு வளரப் பல வருஷம் ஆகும். கிளை கிளையாக உரித்துவிட்டால் அந்த மரத்தில் திரும்ப எப்போது வரப் போகிறது? உலக அளவில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே, காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறது. நம் நாட்டில் நீல வாண்டா, சிவப்பு வாண்டா, லேடீஸ் ஸ்லிப்பர் ஆகிய ஆர்க்கிட்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலேயே உள்ளவை. மேகாலயா மாதிரி இடங்களின் மலைக் குளிரில் வளர்ந்த காட்டுச் செடி அல்சூர் பால்கனியில் பிழைப்பதும் அபூர்வம்.

இன்றைக்கு அதற்கு அவசியமும் இல்லை. 1922-இல் நட்சன் என்ற அமெரிக்கர் பூஞ்சையே இல்லாமல் சர்க்கரை கலந்த வளர்ப்புக் கூழில் விதையை முளைக்க வைத்துக் காட்டினார், 1960-இல் மொரேல் என்ற பிரெஞ்சுக்காரர் செடியின் சிறு துண்டிலிருந்து பல செடிகளை உருவாக்கும் திசு வளர்ப்பு முறையைக் கொண்டு வந்தார். நீங்கள் வாங்கிய வெள்ளைப் பூ இவ்வளவு எளிதாகக் கிடைப்பதற்கே அந்த வேலைதான் காரணம். நம் நாட்டு வகைதான் வேண்டும் என்றால் நரிவால் ஆர்க்கிட் இருக்கிறது. அசாமில் பிஹு சமயத்தில் பெண்கள் கொண்டையில் சூடுகிற பூ, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. விதையிலிருந்து வளர்த்த நாற்றா என்று நர்சரியில் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். அம்மா சேலம் என்கிறீர்கள், அடுத்த முறை போகும்போது ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். நம் காட்டுச் செடிகள் எப்படி இருக்கும் என்று அங்கே தெரியும்.

அல்சூர்வாசி:

ஏற்காட்டில் இப்படி ஒன்று இருப்பது தெரியாது, நிச்சயம் போகிறேன். அந்தக் கட்டுச் செடியும் வேண்டாம். பழைய பூத்தண்டு இன்னும் பச்சையாகவே நிற்கிறது, அதை என்ன செய்வது?

மல்லேஸ்வரம் மாடித்தோட்டம்:

செடி நல்ல நிலையில் இருந்தால் பச்சைத் தண்டை விட்டுவைக்கச் சொல்வேன், கணுவிலிருந்து கிளைத்து மறுபடி பூக்கும். உங்களுடையதற்கு வேரே கொஞ்சம்தான், அடியில் ஒரு அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். புது வேரும் இலையும் வந்தால் போதும், இந்தக் குளிருக்குத் தண்டு வராவிட்டால் அடுத்த குளிருக்கு வரட்டும். இலையிடுக்கில் புதிதாக எது முளைத்தாலும் நுனியைப் பாருங்கள். உருண்டையாகப் பளபளவென்று இருந்தால் வேர், தட்டையாக ஒரு பக்கம் மடிந்த மாதிரி இருந்தால் பூத்தண்டு. தண்டுதான் என்று தெரிந்ததும் தொட்டியைத் திருப்பி வைக்கக் கூடாது, வெளிச்சம் வருகிற திசை மாறினால் மொட்டுகள் கோணல்மாணலாகத் திரும்பிவிடும்.