எதிர்பாராத நெரிசலில் மனம் தளராமல் ஓட்டல் வேலை செய்யப் பழகுவது எப்படி?

கேள்வி: மாலை ஷிப்ட் மேற்பார்வையாளர், கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரிக்கு அருகே நெடுஞ்சாலையோரச் சைவ உணவகம் ஒன்றில் சப்ளையராகச் சேர்ந்த எனக்கு, அண்மையில் மாலை ஷிப்டின் மேற்பார்வைப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வரும் சாலை எங்கள் ஊரில்தான் சென்னை செல்லும் 48ஆம் எண் நெடுஞ்சாலையாகவும், சேலம் செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலையாகவும் பிரிகிறது. அதனால் எந்த நேரத்தில் எத்தனை பேர் வந்து இறங்குவார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இரண்டு சுற்றுலாப் பேருந்துகள் ஒன்றாக வந்து நிற்கும். அதே நேரத்தில் தோசை மாவு பாத்திரத்தின் அடிக்கு வந்திருக்கும். மின்சாரம் போய், ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமாகும். கல்லாவின் முன் ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தபடி சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட வேளைகளில் எங்கள் பையன்களில் சிலர் கை ஓடாமல் நின்றுவிடுகிறார்கள். சிலர் வாடிக்கையாளரிடமே எரிந்து விழுகிறார்கள். ஒருவர் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு நடுவிலேயே வெளியே போய்விட்டார். அவர்களில் பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் என்பதால், அவசரத்தில் நான் சொல்வது அவர்களுக்குப் புரிகிறதா என்பதும் தெரிவதில்லை. மனதைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொல் என்கிறார் முதலாளி. ஆனால் சொல்வதால் மட்டும் ஒருவருக்குத் திடம் வந்துவிடுமா? அதைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? இத்தொழிலில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: சரக்கு மாஸ்டர், ஓசூர்

தம்பி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இதைக் கேட்க வேண்டியவர் உங்கள் முதலாளி. நீங்கள் கேட்டிருப்பதே அந்தப் பையன்களுக்கு நல்லது.

முதலில், எதிர்பாராதது என்று நாம் சொல்லும் கூட்டத்தில் பெரும்பகுதி நாள்காட்டியிலேயே இருக்கிறது. பௌர்ணமிக்குப் பெங்களூரிலிருந்து திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிறவர்கள் கிருஷ்ணகிரி வழியாகத்தான் போகிறார்கள். கார்த்திகை முதல் நாளிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்களின் வேன்களும், மேல்மருவத்தூருக்குச் செல்லும் சிவப்பு ஆடை பக்தர்களின் பேருந்துகளும் வரும். ஐயப்பமார்கள் வரும் மாதங்களில் பாதி மேசைகளுக்கு வெங்காயமும் பூண்டும் இல்லாத சாம்பார் தனியாக வேண்டும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. ஆடிப்பெருக்கு, தீபாவளிக்கு முந்தைய இரவு, பொங்கல் விடுமுறை முடிந்து பெங்களூர் திரும்பும் ஞாயிறு ஆகியவையும் அப்படித்தான். இவற்றைக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு தாளில் எழுதி ஒட்டி, அந்த நாள்களுக்கு மாவையும் ஆளையும் கூட்டிவிட்டால், உண்மையிலேயே எதிர்பாராதது என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். தொப்பூர் கணவாயில் விபத்து நடந்து சாலை அடைபட்டு, பிறகு திறந்தவுடன் வண்டிகள் மொத்தமாக வந்து சேர்வதை எந்த நாள்காட்டியும் சொல்லாது. மனத்திடம் தேவைப்படுவது அந்த மாதிரி வேளைக்குத்தான்.

அந்த வேளையில் ஆள் உடைவது வேலையின் கனத்தால் அன்று; எதை விடுவது, எதைச் செய்வது என்று அந்த நொடியில் தீர்மானிக்க வேண்டியிருப்பதால்தான். ஆகவே தீர்மானங்களை அமைதியான நேரத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மாவு இந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால் ஊத்தப்பமும் ரவா தோசையும் நிறுத்தப்படும், பூரியும் சப்பாத்தியும் தக்காளி சாதமும் மட்டும் ஓடும் என்று பாத்திரத்திலேயே கோடு போட்டு வைக்கலாம். அதைப் பார்த்து அறிவிப்பவர் தோசை மாஸ்டர், அதை வாடிக்கையாளரிடம் சொல்பவர் நீங்கள், சப்ளையர் அல்ல. மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்குப் போவது யார், சிலிண்டர் தீர்ந்தால் மாற்றுவது யார் என்பதற்கு ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும். எல்லோரும் ஓடினால் அடுப்பு அனாதையாகிவிடும்.

பிறகு ஒத்திகை. மாலை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் கடை ஓய்ந்திருக்கும்போது, "இரண்டு பேருந்து" என்று ஒரு குரல் கொடுங்கள். தண்ணீர் வைப்பவர், இலை போடுபவர், டோக்கன் வாங்குபவர், தோசைக்கல்லில் நிற்பவர் எல்லோரும் தங்கள் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். முதலில் வெறும் குரல் மட்டும். அது பழகியபின், விளக்கை அணைத்துவிட்டு அதே குரல். அதன்பின், ஒருவரை வாடிக்கையாளராக நிறுத்திச் சத்தம் போடச் சொல்லிவிட்டு அதே குரல். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் காஸை மூடி, மூடியால் சட்டியை மூட வேண்டும், ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் கையால் செய்து பழக்க வேண்டும். கையில் சூடு பட்டால் மாவோ பற்பசையோ தடவாமல், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும் என்பதும் அப்படியே. உடம்புக்கு ஒரு முறை தெரிந்துவிட்டால், பயம் வந்தாலும் கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

வடமாநிலப் பையன்களுக்கு நீளமான வாக்கியம் வேண்டாம். நிறுத்து, சூடு, பின்னால் வருகிறேன், தீர்ந்தது என்ற நான்கைந்து சொற்களையும் எண்களையும் தமிழிலோ இந்தியிலோ ஒன்றாகத் தீர்மானித்து, எல்லோரும் அதையே சொல்ல வேண்டும் என்று வையுங்கள். கல்லுக்கு ஆர்டர் சொல்லும் குரலும் ஒன்றாகவே இருக்கட்டும். ஐந்து சப்ளையர் ஐந்து பக்கமிருந்து கத்தினால் எந்த மாஸ்டருக்கும் தலை சுற்றும்.

பதில்: சாப்பாட்டுக் கடை நடத்துபவர், பென்னாகரம் சாலை

மாஸ்டர் அண்ணன் சொன்னது கூட்டத்தின் நெருக்கடி. கூட்டம் வராமல் போவதும் ஒரு நெருக்கடிதான் என்பதை ஒகேனக்கல் பக்கம் கடை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து, பிலிகுண்டுலுவில் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி என்று அறிவிப்பு வந்துவிட்டால், அருவியில் குளிக்கவும் பரிசலில் போகவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். விடியற்காலையில் வாங்கிய மீன் அத்தனையும் மசாலா தடவி ஐஸ் பெட்டியில் இருக்கும்; மதியம் வரை இலை போட ஆள் இருக்காது. அந்த நட்டத்தின் பயம் முதலாளியின் வயிற்றில் கோபமாக மாறி, கடைசியில் பாத்திரம் கழுவும் பெண்ணின் தலையில் போய் விழுகிறது. இதை இந்தச் சாலையில் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். மனத்திடம் என்பது தொழிலாளிக்கு மட்டும் தேவையான பொருள் என்று நினைப்பது எனக்கு உடன்பாடில்லை. கடை நடத்துபவரின் மனம் நிலையாக இருந்தால்தான் கீழே இருப்பவர்களின் மனம் நிற்கும்.

நான் செய்வது இதுதான். மீனை ஒரே தடவையில் வாங்குவதில்லை. முதலில் சிறிய அளவு வாங்கிவிட்டு, நீர்வரத்துச் செய்தியைப் பார்த்தபிறகே அடுத்ததை எடுக்கிறேன். நட்டம் எவ்வளவு வரை தாங்கும் என்று முன்பே கணக்குத் தெரிந்திருந்தால், அந்த நாள் வரும்போது குரல் உயர்வதில்லை.

இன்னொன்று, தம்பி. வசவு வாங்குவதைப் பொறுத்துக்கொள்வதை மனவலிமை என்று பையன்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள். எங்கள் கடையில் பரிமாறுகிறவர்கள் பெண்கள். குடித்துவிட்டு வருகிறவர்கள் தகாத பேச்சுப் பேசினால், அவர்கள் பதிலும் சொல்ல வேண்டாம், சிரித்துச் சமாளிக்கவும் வேண்டாம். கையில் இருக்கும் வாளியை வைத்துவிட்டு என்னிடம் வந்து சொன்னால் போதும். அந்த மேசைக்கு அதன்பின் போவது நான். கணக்கை முடித்து அனுப்புவதும் நான். நமக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்பது உறுதியாகத் தெரிந்த பெண், மற்ற எந்த நெரிசலுக்கும் அசைவதில்லை. உணவில் குறை என்று ஒருவர் நியாயமாகச் சத்தம் போடுவது வேறு. அதற்குப் பொருளை எடுத்துக்கொண்டு வேறு கொடுத்துவிட வேண்டும், வாதாடக் கூடாது.

கேள்வியாளர்

மாஸ்டர் ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் கூடுதலாகக் கேட்கிறேன். நெரிசல் நேரத்தைக் கடந்துவிடுகிறோம்; ஆனால் அன்று கேட்ட வசவை அறைக்குக் கொண்டுபோய், தூங்காமல் இருந்து, மறுநாள் வேலைக்கே வர மறுக்கும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களை எப்படி அணுகுவது?

பதில்: உணவகத் தொழில் கற்பிக்கும் ஆசிரியர், தருமபுரி

மாஸ்டர் சொன்ன படிப்படியான ஒத்திகையை உளவியலாளர்களும் ஏற்கிறார்கள். டொனால்ட் மெய்க்கன்பாம் என்பவர் 1970களில் உருவாக்கிய பயிற்சிமுறை ஏறத்தாழ இதே வரிசையில் அமைந்தது: நெருக்கடியில் உடலிலும் மனதிலும் என்ன நடக்கிறது என்று முதலில் விளக்குவது, சமாளிக்கும் வழிகளைக் கற்றுக்கொடுப்பது, பிறகு சிறிய நெருக்கடியிலிருந்து பெரியதற்கு மெல்ல மெல்லப் பழக்குவது. முதல் படியை நம் கடைகளில் யாரும் செய்வதில்லை. இதயம் படபடப்பதும், வாய் உலர்வதும், எதிரில் இருப்பது மட்டுமே கண்ணுக்குத் தெரிவதும் எல்லா மனிதருக்கும் வருவதுதான், அது கோழைத்தனம் அல்ல என்று ஒரு பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அது வரும்போது அவன் தன்னைப் பற்றிப் பயப்படுவதில்லை. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இதயத்துடிப்பு தணியும். தட்டு எடுக்க உள்ளே போய்த் திரும்பும் நேரத்திலேயே இதைச் செய்துவிடலாம். அடுப்படி வெப்பத்தில் தண்ணீர் குடிக்காமல் நிற்பவனுக்கு எரிச்சல் வருவது குணக்கேடு அல்ல, உடலில் நீர் குறைந்ததன் விளைவு. கல்லுக்கு அருகே நிற்பவருக்கு மோரும் தண்ணீரும் யாராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவராகப் போய்க் குடிக்கட்டும் என்று விட்டால் கூட்டம் முடியும்வரை குடிக்க மாட்டார்.

ஒரே குரல் என்று மாஸ்டர் சொன்னதற்கு ஒரு படி மேலே போகலாம் என்பது என் கருத்து. வில்லியம் ஃபூட் வைட் என்ற சமூகவியலாளர் 1940களில் அமெரிக்காவின் சிகாகோ நகர உணவகங்களை ஆராய்ந்தபோது, பரிமாறும் பெண்களுக்கும் சமையல்காரர்களுக்கும் இடையே வரும் மோதல்களைக் கவனித்தார். ஆர்டரை வாயால் சொல்லாமல், சீட்டில் எழுதி ஒரு கம்பியில் குத்தி வைக்கும்போது அந்த உரசல் குறைந்தது. தனக்குக் கீழே இருப்பதாக நினைக்கும் ஒருவர் வாயால் ஏவுவதைத்தான் சமையல்காரரின் மனம் ஏற்கவில்லை. சீட்டு யாரையும் ஏவுவதில்லை. நம் ஊரில் சப்ளையர் பெரும்பாலும் இளைஞர், மாஸ்டர் மூத்தவர் என்பதால் இது இங்கேயும் அப்படியே பொருந்தும். எண்ணும் குறியும் மட்டும் உள்ள சீட்டு என்றால் தமிழ் தெரியாதவரும் எழுதலாம், படிக்கலாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கடை அடைத்தவுடன் பையன்களைக் கலைந்துபோக விடாமல், ஒரு டீ குடிக்கும் நேரம் எல்லோரையும் உட்கார வைத்து, அன்று நடந்ததைப் பேச விடுங்கள். வயதில் இளையவர் முதலில் பேசட்டும். மாஸ்டர் முதலில் பேசினால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். யார் தவறு என்ற விசாரணையாக அதை ஆக்கிவிடக் கூடாது. வசவு வாங்கியவரிடம், "அந்த வாடிக்கையாளரின் கோபம் தாமதத்தின் மேல்தான், உன் மேல் அல்ல" என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் சொல்வது மிகவும் முக்கியம். அப்படியும் பல நாள் தூக்கமும் பசியும் இல்லாமல் ஒருவர் ஒதுங்கியே இருந்தால், அரசின் டெலி மனஸ் உதவி எண்ணான 14416-ஐக் கொடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இச்சேவை இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குவது. தமிழில் மட்டுமன்றி வேறு இந்திய மொழிகளிலும் பேசலாம் என்பது உங்கள் கடைக்கு மிகவும் உதவும்.

மாஸ்டரிடம் ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். எவ்வளவு ஒத்திகை பார்த்தாலும், ஆறு பேர் வேலையை நான்கு பேர் செய்யும் கடையில் மனத்திடம் நிலைக்காது. நடுவில் ஏப்ரனைக் கழற்றி வைத்துப் போன அந்தப் பையன், அதற்கு முந்தைய வாரத்தில் எத்தனை மணி நேரம் நின்றான், எத்தனை மணி நேரம் தூங்கினான் என்பதை விசாரித்துப் பாருங்கள். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் ஓட்டல் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. கடைகளில் பணியாளர் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டதையும் நினைவில் கொள்ளுங்கள்; அதன் நியாயம் ஓட்டலில் நிற்கும் கால்களுக்கும் உரியதே. முதலாளியிடம் பையன்களின் மனநிலையைப் பற்றிப் பேசத் தொடங்குவதைவிட, ஒவ்வொருவரின் வருகை நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் ஒரு மாதம் குறித்து வைத்து, அந்தத் தாளுடன் போய்ப் பேசுங்கள். கூடுதலாக ஒரு ஆளைக் கேட்பதற்கு அதைவிட வலுவான ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது.