மக்காச்சோளம்: திரையில் ஒரு விலை, மண்டியில் ஒரு விலை. உங்கள் அனுபவம் என்ன?

கொள்முதல்காரர், நாமக்கல்

பின்னால் தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் முன்பேர வணிகத்தில் மக்காச்சோளம் ஏறுகிறது, நம் ஊர் மண்டியில் மட்டும் ஏன் ஏறவில்லை, வியாபாரிகள் அமுக்குகிறார்களா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கோழித்தீவன ஆலைக்கு மக்காச்சோளம் வாங்குவதுதான் என் வேலை. அமுக்குகிறவர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதிக்கு வேறு காரணம் இருக்கிறது.

அதை எனக்குப் புரியவைத்தவர் கர்நாடகாவின் தாவணகெரேயில் ஒரு வயதான தரகர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முன்பேரச் சந்தையான என்சிடெக்ஸின் விலையைப் போனில் அவரிடம் காட்டி, "என்சிடெக்ஸில் இந்த விலை ஓடுகிறது, உங்கள் விலை ஏன் வேறாக இருக்கிறது ஐயா?" என்று கேட்டேன். "இது எந்த ஊர் விலை? எந்த மாசத்து விலை? ஈரம் எவ்வளவு இருக்கிற சரக்கு?" என்று திருப்பிக் கேட்டார். அந்த மூன்றையும் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் விலை பேசுகிறேன்.

போனில் நான் பார்த்த முன்பேர ஒப்பந்தம் பீகாரில் பூர்ணியா பக்கத்திலுள்ள குலாப்பாக் சந்தையை அடிப்படையாக வைத்தது. அங்கே ரபி எனும் குளிர்காலப் பருவ மக்காச்சோளம் ஏப்ரலில் வரத் தொடங்கி ஜூன் வரை குவியும். அது நாமக்கல்லுக்கு ரயில் ரேக்கில் வந்து இறங்க வேண்டும். வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, சாக்கு, வழியில் குறைகிற எடை எல்லாம் சேர்ந்த பிறகுதான் நம் விலை. பெரம்பலூர், அரியலூர்ச் சரக்கோ ஜனவரி, பிப்ரவரியில் அறுவடையாகி லாரியில் சில மணி நேரத்தில் வந்துவிடும். அந்த நேரத்தில் குலாப்பாக் பக்கம் பயிர் இன்னும் வயலில் நிற்கிறது. இரண்டு விலையும் ஒன்றாக இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த வித்தியாசத்துக்கு எங்கள் தொழிலில் பேசிஸ் என்று பெயர். மண்டி விலையிலிருந்து முன்பேர விலையைக் கழித்தால் வருவது. என்னைக் கேட்டால், விலையைவிட இதைத்தான் தினமும் பார்க்க வேண்டும். விலை ஏறுவதற்கு உலகத்தில் ஆயிரம் காரணம் இருக்கலாம். பேசிஸ் ஏறினால் நம் பக்கத்தில் சரக்கு தட்டுப்பாடு என்று பொருள். 2018 மே மாதம் கர்நாடகாவின் சிவமொக்கா பக்கம் படைப்புழுவை முதலில் பார்த்தார்கள். அந்தப் பருவத்திலேயே அது பெரம்பலூர், அரியலூர் வயல்களையும் தின்றது. 2019இல் கோழிப்பண்ணைக்காரர்கள் பட்ட பாடு இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். அது கிடைக்காவிட்டால் கோழியைப் பட்டினி போட முடியுமா?

மென்பொருள் வேலை, இல்லினாய்

அண்ணன் சொன்ன அதே கழித்தலை இங்கே பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். புளூமிங்டன் பக்கம் இருக்கிறேன். ஊரைத் தாண்டினால் மக்காச்சோளமும் சோயாவும்தான். மகனின் பள்ளி மூலம் பழக்கமான ஒரு விவசாயி, அறுவடை நேரத்தில் எலிவேட்டர் எனப்படும் தானியக் கிடங்குக்குத் தன் லாரியில் என்னையும் கூட்டிப்போனார். அங்கே விலைப் பலகையில் "டிசம்பர், மைனஸ் 30" என்று இருந்தது. சிகாகோ முன்பேரச் சந்தையில் டிசம்பர் ஒப்பந்தம் என்ன விலையோ, அதில் புஷலுக்கு 30 சென்ட் கழித்துக்கொண்டு தருவோம் என்று அர்த்தம். மக்காச்சோளத்தில் ஒரு புஷல் 25.4 கிலோ. ஒரு ஒப்பந்தம் 5,000 புஷல், அதாவது 127 டன்.

திரும்பி வரும்போது அவர் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன். எண்கள் உதாரணத்துக்கு. விதைக்கும்போது டிசம்பர் ஒப்பந்தம் 4.50 டாலர். அப்போதே ஒரு ஒப்பந்தத்தை விற்று வைக்கிறார். அறுவடைக்குள் அது 4.00 டாலருக்கு விழுந்தால் கிடங்கில் கிடைப்பது 3.70. விற்று வைத்த ஒப்பந்தத்தைக் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கி முடிப்பதில் 50 சென்ட் லாபம், மொத்தம் 4.20. சரி, விலை 5.00 டாலருக்கு ஏறினால்? கிடங்கில் 4.70, ஒப்பந்தத்தில் 50 சென்ட் நட்டம், அப்போதும் 4.20. "எனக்கு டிசம்பரில் விலை என்ன ஆகும் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 4.20 வந்தால் உரக்கடனும் குத்தகையும் அடையும்" என்றார்.

ஆனால் இரண்டு இடத்தில் வலி இருக்கிறது. ஒன்று, மார்ஜின், அதாவது ஒப்பந்தத்துக்கு ஈடாகக் கட்டும் பணம். விலை ஏறும்போது நட்டத்தை அன்றன்றே கட்ட வேண்டும். வயலில் இருக்கும் பயிரின் மதிப்பும் கூடியிருக்கும், ஆனால் அதை விற்றுக் காசாக்க அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். கணக்கு சரியாக இருந்தும் கையில் பணமில்லாமல் பாதியில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டவர்களை அவருக்குத் தெரியும். இதற்காகவே சிலர் வங்கியில் தனிக் கடன் வரம்பு வாங்கி வைக்கிறார்கள்.

இன்னொன்று அந்த மைனஸ் 30. அது 30ஆகவே நிற்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. 2022 அக்டோபரில், தானியம் துறைமுகத்துக்குப் போகும் மிசிசிப்பி ஆற்றில் தண்ணீர் வற்றியது. பார்ஜ் எனும் சரக்குப் படகுகள் குறைந்த சுமையோடு ஓடின, படகு வாடகை எகிறியது. சிகாகோ விலை நன்றாகத்தான் இருந்தது. ஆற்றங்கரைக் கிடங்குகளோ கழிக்கும் தொகையைக் கூட்டிக்கொண்டே போயின. முன்பேர ஒப்பந்தம் விலை இறக்கத்திலிருந்து காப்பாற்றும், ஆறு வற்றினால் காப்பாற்றாது. உள்நாட்டில் எத்தனால் ஆலைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு அந்த அடி அவ்வளவாக விழவில்லை.

இந்த ஏற்பாடே அறுவடைக் குவியலால் பிறந்ததுதான். 1848இல் சிகாகோ வணிகக் கழகம் தொடங்கிய காலத்தில், எல்லோரும் ஒரே நேரத்தில் தானியத்தைக் கொண்டுவந்து குவித்து விலையைக் கெடுத்துக்கொண்டார்கள். பின்னால் தருவதாக இன்றே விலை பேசும் பழக்கம் அப்படித்தான் வளர்ந்தது. 1865இல் அளவு, தரம், மாதம் எல்லாம் ஒரே மாதிரி ஒப்பந்தமாக ஆயின.

ஐந்து ஏக்கர்க்காரர், பெரம்பலூர்

படித்தேன், புரிந்தது. ஆனால் எனக்கு இதில் என்ன இருக்கிறது? என் மகசூலே கொஞ்சம்தான். மார்ஜின் கட்டக் காசு இருந்தால் நான் ஏன் களத்திலேயே விற்கிறேன்? பிப்ரவரியில் வண்டியோடு வியாபாரி வருவார், ஈரம் இருக்கிறது என்று மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்தம் செய்வார், அவர் சொன்னதுதான் விலை. மத்திய அரசு 2024-25க்குக் குவிண்டாலுக்கு 2,225 ரூபாய், 2025-26க்கு 2,400 ரூபாய் என்று ஆதார விலை அறிவித்தது. கொள்முதல் நிலையம் இல்லாத ஊரில் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

பருப்பு மண்டி, விருதுநகர்

ஐயா கேட்பது நியாயம். என் பக்கத்தையும் சொல்கிறேன். கொண்டைக்கடலைக்கு முன்பேர விலை ஓடிய காலத்தில் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் கடை திறப்போம். ஒப்பந்தம் போடாதவர்களும் பார்ப்பார்கள். 2021இல் விலைவாசி ஏறுகிறது என்று சந்தைகளைக் கண்காணிக்கும் செபி கொண்டைக்கடலை, கோதுமை, நெல், பாசிப்பயறு, கடுகு, சோயா, பாமாயில் எல்லாவற்றின் முன்பேர வணிகத்தையும் நிறுத்தியது. ஓராண்டு என்றார்கள், பிறகு நீட்டித்துக்கொண்டே போனார்கள். அதன்பின் இந்தூருக்கும் பிகானேருக்கும் போன் போட்டுத்தான் விலை கேட்கிறோம். பெரிய ஆளுக்கு எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறது. சின்னக் கடைக்கும் விவசாயிக்கும் இருந்த ஒரே பொது விலை போய்விட்டது. சூதாட்டம் நடக்கிறது என்றால் சூதாடுபவனைப் பிடிக்கலாம், வரம்பு போடலாம். விலைப் பலகையையே கழற்றியதை என்னால் இன்றும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கொள்முதல்காரர், நாமக்கல்

பெரம்பலூர் ஐயாவுக்கு: ஒப்பந்தம் போடச் சொல்ல மாட்டேன். தனி ஆளுக்கு அது வேண்டாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, கணக்குத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டால் யோசிக்கலாம்.

ஆனால் முன்பேரத்தில் அடுத்தடுத்த மாதங்களின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள், அதற்குக் காசு வேண்டாம். இப்போதைய மாதத்தைவிட மூன்று மாதம் தள்ளிய விலை கூடுதலாக இருந்து, அந்தக் கூடுதல் கிடங்கு வாடகை, வட்டி, எடைக் குறைவு இவற்றைவிட அதிகமென்றால், வைத்து விற்றால் கட்டும் என்று சந்தை கணக்குப் போட்டிருக்கிறது. பின் மாதம் குறைவாக இருந்தால் புதுச் சரக்கு வரப்போகிறது, இப்போதே தள்ளிவிடுங்கள். நம் அறுவடை முடிந்த கையோடு பீகார் வரத்து ஏப்ரலில் தொடங்குவதால், நம் பக்கத்தில் பல வருடம் இரண்டாவது நிலைமைதான் இருக்கும். அதனால் வைத்திருந்தாலே லாபம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வைக்கலாம் என்று முடிவானால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். களத்தில் அவசரப்பட்டு விற்கவேண்டிய நெருக்கடி அதில் கொஞ்சம் குறையும்.

ஈரத்தை மட்டும் வியாபாரி வாய்க்கு விடாதீர்கள். நாங்கள் 14 சதவீதத்துக்கு மேல் போனால் தயங்குவது பேரம் பேசுவதற்காக இல்லை. ஈரச் சரக்கில் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்ஸின் வந்தால் கோழிக்கு ஈரல் கெடும், முட்டை குறையும். ஊருக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு ஈரமானி வாங்குங்கள். வண்டி வரும் முன்பே அளந்து எழுதி வைத்துக்கொண்டு, அவருடைய மானியையும் உங்கள் கண் முன்னால் வைக்கச் சொல்லுங்கள்.