புதுப்பிப்பு: கனடாவின் ஒன்டாரியோவில் ஆர்.பி.என். டு ஆர்.என். செவிலியர் படிப்பை முடித்துவிட்டேன்

நான் ஆர்.பி.என்., அதாவது பதிவுபெற்ற நடைமுறைச் செவிலியர். வேலையை விடாமல், அடுத்த நிலையான ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) ஆவதற்கான பிரிட்ஜிங் எனும் இணைப்புப் படிப்பைப் படிக்க முடியுமா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. முடியும்.

பகுதிநேரத்துக்கு மாறி, வார இறுதி இரவு ஷிஃப்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. புள்ளியியலை முன்கூட்டியே தனியாக முடித்ததும் நல்லதாயிற்று.

எதிர்பாராதது, மருந்தியலைவிட ஏ.பி.ஏ. முறையில் (மேற்கோள், மூலக் குறிப்புகளுக்குக் கறாரான விதிகள் கொண்ட எழுத்து முறை) கட்டுரை எழுதுவதுதான் உயிரை வாங்கியது. ஒரு காற்புள்ளிக்கெல்லாம் மதிப்பெண் போனது!

அப்புறம் என்கிளெக்ஸ், ஆர்.என். உரிமத்துக்காகக் கணினியில் எழுதும் தேர்வு. கேள்விகள் 85 முதல் 150 வரை வரலாம். எனக்கு 85-இலேயே திரை நின்றுவிட்டது. தோற்றுவிட்டேன் என்று பார்க்கிங்கில் அழுதேன். கணினிக்கு முடிவு உறுதியானால் அங்கேயே நிறுத்திவிடும், பாஸோ ஃபெயிலோ.

பழைய ஷிஃப்டில் மருந்து வண்டி தள்ளிக்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. பாஸ்.